மனித இனம் பரிணமிக்கிறதா, நலிகிறதா? இத்தகைய செய்திகளைச் சோதித்துப் பார்க்கும் முறை

மனித மூளை சுருங்கி வருகிறது என்று ஒரு செய்தி வருகிறது. முன்கையில் கூடுதல் ரத்தக்குழாய் ஒன்று பரவி வருகிறது, ஆகவே பரிணாமம் வேகமெடுத்துவிட்டது என்று அடுத்த செய்தி வருகிறது. மருத்துவம் எல்லாரையும் பிழைக்க வைத்துவிடுவதால் இயற்கைத் தேர்வு நின்றுபோயிற்று, இனி நம் இனம் நலிந்துகொண்டேதான் போகும் என்று குடும்பக் குழுவில் யாரோ ஒருவர் பகிர்கிறார். இவற்றில் எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்று முடிவு செய்யப் பலருக்கும் வழி தெரிவதில்லை. உயிரியல் படிக்காதவரும் இத்தகைய கூற்றுகளைப் பெருமளவு தாமாகவே சோதித்துப் பார்க்க முடியும். அதற்குச் சில கேள்விகளும் பள்ளிக் கணக்கும் போதும். அவற்றை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

அளந்தது உடலையா, மரபணுவையா?

ஒரு மக்கள்தொகையில் உள்ள மரபணு வடிவங்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதே பரிணாமம். அதற்கு மேல் அதில் ஏணியும் கிடையாது, உச்சிப்படியும் கிடையாது. எனவே ஒரு செய்தியைப் படித்தவுடன் முதலில் தேட வேண்டியது, ஆய்வாளர்கள் அளந்தது மரபணுக்களின் விகிதத்தையா அல்லது உடலின் ஏதாவது ஓர் இயல்பையா என்பதைத்தான். உயரம், எடை, கண்பார்வை, மூளையின் கொள்ளளவு, தேர்வு மதிப்பெண் போன்றவை உடலில் அளக்கப்படுபவை. அவை உணவாலும் நோயாலும் பழக்கத்தாலும் மாறக்கூடியவை. அவற்றில் ஒரு மாற்றம் தெரிகிறது என்பதாலேயே அதன் பின்னால் மரபணு மாற்றம் இருப்பதாக ஆகிவிடாது. செய்திகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே இடறி விழுகின்றன.

உடல் இயல்பு மட்டுமே அளக்கப்பட்டிருந்தால், அடுத்ததாகத் தலைமுறைகளை எண்ணுங்கள். மனிதரில் ஒரு தலைமுறை ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள். ஆகவே நூறாண்டு என்பது நான்கு தலைமுறைக்கு மேல் போகாது. தென்கொரியப் பெண்களை எடுத்துக்கொண்டால், 1896இல் பிறந்தவர்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரமானவர்கள். நான்கே தலைமுறைகளில் இவ்வளவு பெரிய மாற்றத்தை மரபணு விகிதத்தால் உண்டாக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் குள்ளமானவர்களில் பெரும்பகுதியினர் பிள்ளையே பெறாமல் போயிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. குழந்தைப் பருவத்து உணவும் தொற்றுநோய்க் குறைவுமே அந்த உயரத்தைத் தந்தன.

இதே கணக்கைத் தமிழ்நாட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015–16இல் மாநிலத்தில் நடந்த பிரசவங்களில் 34.1 விழுக்காடு அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தன; 2019–21இல் அது 44.9 விழுக்காடு ஆயிற்று. "இந்தக் காலத்துப் பெண்களுக்கு இடுப்பு எலும்பே குறுகிவிட்டது" என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடையில் கால் தலைமுறைகூட ஓடவில்லை என்பதால், பத்துப் புள்ளிக்கு மேற்பட்ட அந்த உயர்வுக்குக் காரணத்தை மருத்துவமனை நடைமுறையிலும் மக்களின் விருப்பத்திலும் தேட வேண்டுமே ஒழிய எலும்பில் தேடுவதில் பயனில்லை. 2016இல் வியன்னா ஆய்வாளர்கள் சிலர், சிசேரியன் பரவியதன் விளைவாகக் குழந்தையின் தலை இடுப்பு எலும்பு வழியே வர முடியாத பிரசவங்கள் ஆயிரத்துக்கு 30 என்ற நிலையிலிருந்து 36 வரை கூடியிருக்கலாம் என்று எழுதியது உண்மைதான். ஆனால் அது கணித மாதிரி ஒன்றின் முடிவு. யாருடைய இடுப்பையும் அவர்கள் அளக்கவில்லை. மாதிரியிலிருந்து வந்த எண்ணையும் அளவெடுத்து வந்த எண்ணையும் பிரித்தறிவது, இந்தத் துறைச் செய்திகளைப் படிப்பவருக்குப் பழக்கமாகிவிட வேண்டிய ஒன்று.

ஒரே மரபு, வேறு சூழல்

தலைமுறைக் கணக்கு மட்டும் போதாத இடங்களில், மரபு ஒன்றாகவும் சூழல் வேறாகவும் அமைந்த ஒப்பீடு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கிட்டப்பார்வைக்கு அத்தகைய அருமையான ஒப்பீடு ஒன்று உண்டு. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை, ஆறு ஏழு வயதில் உள்ளவர்களாகப் பார்த்து ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சிங்கப்பூர்க் குழந்தைகளில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது, சிட்னியில் 3.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருந்தது. பெற்றோரில் ஒருவருக்காவது கிட்டப்பார்வை உள்ள குடும்பங்களின் பங்கு இரு நகரங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றே. இன்னொரு வியப்பு, சிட்னிக் குழந்தைகள்தாம் வாரத்துக்கு அதிகப் புத்தகங்கள் படித்தார்கள். ஆகவே படிப்பின் மீதும் முழுப் பழியைப் போட முடியவில்லை. வீட்டுக்கு வெளியே, திறந்தவெளியில் கழித்த நேரம்தான் பெரிய அளவில் வேறுபட்டது: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி. கண்ணாடி அணியும் பிள்ளைகள் பெருகுவதைக் கண்டு இனமே நலிகிறது என்று சொல்ல வருபவரிடம் இந்த நான்கு எண்களையும் காட்டிவிட்டு, பிள்ளையை மாலையில் வெளியே விளையாட விடச் சொல்லலாம்.

அறிவுத்திறன் குறைகிறது என்ற கூற்றுக்கு இதைவிட நுட்பமான சோதனை ஒன்று நார்வேயில் நடந்தது. அங்கு ராணுவச் சேர்க்கையின்போது இளைஞர்களுக்கு அறிவுத்திறன் தேர்வு வைப்பார்கள். 1962 முதல் 1991 வரை பிறந்தவர்களின் மதிப்பெண்களைப் பார்த்தால், 1975ஆம் ஆண்டளவில் பிறந்தவர்கள் வரை ஏறிக்கொண்டே வந்து, அதற்குப் பிறகு இறங்குகின்றன. படிப்பு குறைந்தவர்கள் அதிகப் பிள்ளைகள் பெற்றதே இதற்குக் காரணம் என்று சிலர் உடனே முடிவு கட்டினார்கள். 2018இல் பிராட்ஸ்பெர்க், ரோகபெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் செய்தது எளிய காரியம்: ஒரே வீட்டில் பிறந்த அண்ணனையும் தம்பியையும் ஒப்பிட்டார்கள். எந்தக் குடும்பம் எத்தனை பிள்ளை பெற்றது என்பதுதான் காரணமாக இருந்தால், ஒரே தாய்தந்தைக்குப் பிறந்த சகோதரர்களுக்குள் ஆண்டுக்கு ஆண்டு ஏற்றமோ இறக்கமோ தெரியக் கூடாது. ஆனால் ஏற்றமும் இறக்கமும் வீட்டுக்குள்ளேயே அப்படியே தெரிந்தன. ஏற்றம், இறக்கம் இரண்டுமே சூழலின் விளைவு என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். கல்விமுறையா, பொழுதுபோக்கா, தேர்வின் தன்மையா என்பது வேறு விவாதம்.

இயற்கைத் தேர்வு நின்றுவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

இது வரையில் சொன்னதை வைத்து, நம்மிடம் எந்த மரபணு மாற்றமும் நடக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. நடந்துகொண்டுதான் இருக்கிறது, மெதுவாகவும் நம் கண்ணுக்குத் தெரியாமலும் நடக்கிறது. மருத்துவம் வந்ததும் இயற்கைத் தேர்வு நின்றுவிட்டது என்பவர்கள், தேர்வு என்றாலே சாவு என்று கருதுகிறார்கள். உண்மையில் தேர்வுக்கு வேண்டியது, மனிதர்கள் விட்டுச்செல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கையில் வேறுபாடு இருப்பதும், அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியாவது மரபோடு தொடர்புள்ளதாக இருப்பதும்தான். குழந்தை இறப்பு குறையும்போது அந்த வழியில் தேர்வு தளர்கிறது. பிள்ளைப்பேற்றின் வழியில் அது தொடர்கிறது. தமிழ்நாட்டின் கருவள வீதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை) 2020இல் 1.4 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. சராசரி சிறிதாகிவிட்டது என்பதால் வேறுபாடும் அழிந்துவிட்டது என்று பொருளில்லை. ஒருவருக்குப் பிள்ளையே இல்லை, ஒருவருக்கு ஒன்று, ஒருவருக்கு மூன்று என்று இருக்கும் வரை தேர்வுக்கு இடம் உண்டு. கருவிலேயே நடக்கும் தேர்வையும் நாம் மறந்துவிடுகிறோம்: முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம்.

ஆகவே தேர்வு நடக்கிறதா என்று அறிய விரும்பினால், பல தலைமுறைகளின் பிள்ளைப்பேற்றைப் பதிவுசெய்த ஆய்வுகளைத் தேடுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் இதயநோய் ஆய்வு ஒன்று நடந்து வருகிறது. அதன் பதிவேடுகளில் மாதவிடாய் நின்ற பெண்களின் தகவல்களை எடுத்து, எந்த இயல்புள்ளவர்கள் அதிகப் பிள்ளைகள் பெற்றார்கள் என்று ஸ்டெர்ன்ஸ் என்ற உயிரியலாளர் உள்ளிட்டோர் கணக்கிட்டார்கள். இதே போக்கு பத்துத் தலைமுறை நீடித்தால் பெண்கள் சராசரியாக 2 சென்டிமீட்டர் குட்டையாகவும் ஒரு கிலோ எடை கூடியும் இருப்பார்கள், முதல் பிள்ளையை ஐந்து மாதம் முன்னதாகப் பெறுவார்கள், மாதவிடாய் பத்து மாதம் தள்ளி நிற்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதாவது, கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளில் இரண்டு சென்டிமீட்டர்! இன்றைய மனிதரிடம் பரிணாமம் எந்த வேகத்தில் நடக்கும் என்பதற்கு மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க அளவு இது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் உள்ள ஈல்-ஓ-கூத்ர் தீவின் தேவாலயப் பதிவேடுகள் கூடுதல் வேகத்தைக் காட்டுகின்றன: 1799 முதல் 1940 வரை மணமுடித்த பெண்களில், முதல் பிள்ளை பெறும் வயது 26இலிருந்து 22ஆக இறங்கியது, அந்த இறக்கத்தில் மரபுக்கும் பங்கு உண்டு என்று வம்சாவளிக் கணக்கிலிருந்து 2011இல் காட்டினார்கள். எனினும் அது சிறிய, தனித்திருந்த மக்கள்தொகை. உலகம் முழுமைக்கும் அதை நீட்டக் கூடாது.

"நலிவு" என்றால் எந்த இடத்தில், எந்தக் காலத்தில்?

நலிவு என்று யாராவது சொன்னால், எந்தச் சூழலோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். நீலகிரியில் வாழும் பழங்குடியினரிடையே, ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள்போல் வளையச் செய்யும் அரிவாள் செல் மரபணு இருப்பதை 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் பதிவுசெய்தார்கள். பொதுவாக ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக நம்மிடம் இருக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து, அரிவாள் செல் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் உடையவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆலிசன் என்ற ஆய்வாளர் காட்டினார். இரண்டு பிரதிகள் சேர்ந்துவிட்டால் கடும் வலியும் சோகையும் உயிராபத்தும் உண்டு. மலேரியா கொன்றுகொண்டிருந்த காட்டில் இதே மரபணு பல உயிர்களைக் காத்தது. மலேரியா ஒழிந்த ஊரில் அதே மரபணு சுமை மட்டுமே. மரபணு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த உலகம் மாறியது. இதை நலிவு என்பதா, ஏற்றம் என்பதா? கேள்வியே பொருத்தமற்றது என்று நான் கருதுகிறேன்.

நலிவுக்கு எதிர்ப்பக்கமாக எடுத்துக்காட்டப்படும் திபெத்தியரின் கதையும் இத்தகையதே. நான்காயிரம் மீட்டர் உயரத்தில், மெல்லிய காற்றில், ரத்தச் சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகாமல் காக்கும் மரபணு வடிவம் அவர்களிடம் பரவியிருப்பது 2010இல் தெரியவந்தது. அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்தது என்பது 2014இல் தெளிவாயிற்று. சென்னைக் கடற்கரையில் அதனால் யாருக்கும் பெரிய பயன் கிடையாது. வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் திறனும் கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் கால்நடை வளர்ப்போடு பரவியதுதான். இந்தியாவில் அதற்குரிய மரபணு வடிவம் வடமேற்கில் மிகுதி, தெற்கே வரவரக் குறைவு. (பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது, நொதிக்கும்போது பாலின் சர்க்கரையில் ஒரு பகுதி சிதைந்துவிடுகிறது.)

இயற்கைத் தேர்வின் கண்ணுக்கே படாத மரபணுக்களும் உண்டு. தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன என்றும், அது இதயத்தசை நோயோடு தொடர்புடையது என்றும் 2009இல் ஐதராபாத் செல்லுலார் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் அறிவித்தார்கள். கேடு விளைவிக்கும் ஒன்று ஏன் களையப்படாமல் இவ்வளவு பேரிடம் தங்கியது? அதன் விளைவு பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு, பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பின் வெளிப்படுகிறது என்பதே விடை. அந்த மாற்றம் பல்லாயிரம் ஆண்டுகள் பழையது. ஆகவே இன்றைய நலிவுக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

ஒரு செய்தியை முழுவதுமாகச் சோதித்தல்

முன்கை ரத்தக்குழாய்ச் செய்தியை இப்போது எடுத்துக்கொள்வோம். கருவில் உள்ள குழந்தையின் முன்கை நடுவே தமனி ஒன்று ஓடிக் கைக்கு ரத்தம் தருகிறது. வழக்கமாக எட்டாவது வார அளவில் அது சுருங்கி, அதன் வேலையைப் பக்கத்துத் தமனிகள் இரண்டும் ஏற்றுக்கொள்கின்றன. சிலரிடம் அது மறையாமல் வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் 78 முன்கைகளை அறுத்துப் பார்த்ததில் 26இல் அது இருந்தது. பழைய மருத்துவ இதழ்களில் வெளியான எண்களோடு ஒப்பிட்டு, 1880களின் நடுவில் பிறந்தவர்களில் சுமார் 10 விழுக்காட்டினரிடம் இருந்தது, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் 30 விழுக்காடு ஆகிவிட்டது என்று கணித்தார்கள்.

கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். அளந்தது உடலையே, மரபணு எதையும் பார்க்கவில்லை. காலம் நான்கைந்து தலைமுறை. அதற்குள் மும்மடங்கு ஆவது மரபணுவுக்கு மிகப் பெரிய பாய்ச்சல். அந்தத் தமனி உள்ளவர்கள் அதிகப் பிள்ளைகள் பெற்றார்கள் என்று யாரும் காட்டவில்லை. பழைய எண்கள் வேறு ஊர்களில், வேறு கைகளால், வேறு வரையறைகளோடு எடுக்கப்பட்டவை; ஒருவர் நூலளவுக் குழாயையும் எண்ணியிருப்பார், மற்றொருவர் உள்ளங்கை வரை ஓடுவதை மட்டும் எண்ணியிருப்பார். ஆய்வாளர்களே, மரபணுப் பிறழ்வு (மரபணுவில் புதிதாக நேரும் மாற்றம்) காரணமாக இருக்கலாம், கர்ப்பகாலத்தில் தாய்க்கு ஏற்படும் உடல்நலக் குறைவும் காரணமாக இருக்கலாம் என்று இரண்டையும் சொன்னார்கள். செய்தித் தலைப்புகள் இரண்டாவதை விழுங்கிவிட்டன. என் தீர்ப்பு: எண் கவனிக்கத்தக்கது, பரிணாமம் என்ற முடிவு நிறுவப்படாதது.

மூளைச் சுருக்கத்துக்கும் இதே முறை பொருந்தும். சராசரிக் கொள்ளளவு கடைசிப் பனியுகத்துக்குப் பின் குறைந்தது என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். ஆனால் 3,000 ஆண்டுகளுக்கு முன்புதான் அது நடந்தது என்ற 2021ஆம் ஆண்டுக் கூற்றை, அதே தரவுகளை மறுபடி அலசி 2022இல் வேறு இருவர் மறுத்துவிட்டார்கள்.

மருத்துவம் மரபணுக்களைக் கெடுக்கிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

நலிவு வாதத்தில் வலுவான பகுதி இதுதான். ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய பிறழ்வுகளோடு பிறக்கிறது. தந்தையின் வயது கூடக்கூட அந்த எண்ணிக்கையும் சற்றுக் கூடுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. தீயவை களையப்படாமல் சேர்ந்தால் என்னாகும் என்று நோபல் பரிசு பெற்ற மரபியலாளர் முல்லர் 1950இலேயே கவலைப்பட்டார். கவலை நியாயமானது, வேகத்தைத்தான் கணக்கிட வேண்டும்.

இரண்டு பிரதிகள் சேர்ந்தால் மட்டுமே கொல்லும் நோய் ஒன்று பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பேரிடம் மொத்தம் 20,000 பிரதிகள். அவற்றில் பழுதானவை நூற்றில் ஒன்று, அதாவது 200. நோயுற்ற குழந்தையிடம் இருப்பவை இரண்டே. மீதி 198, நலமாக வாழும் 198 பேரிடம் ஆளுக்கொன்றாக ஒளிந்திருக்கின்றன. ஆகவே அந்தக் குழந்தை இறந்தபோதும் ஒரு தலைமுறையில் களையப்பட்டது 200இல் 2 மட்டுமே, அந்த இடத்தைப் புதிய பிறழ்வுகள் நிரப்பிவந்தன. இனி மருந்து அத்தகைய எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்றுகிறது என்றால், பழுதான பிரதிகள் தலைமுறைக்கு இரண்டிரண்டாகக் கூடும். நோயின் விகிதம் இரட்டிப்பாக, பிரதிகள் 1.41 மடங்கு ஆக வேண்டும்; அதாவது 200 என்பது 282 ஆக வேண்டும். அதற்கு 41 தலைமுறை, ஆயிரம் ஆண்டுக்கு மேல். அப்போதும் மருந்து கிடைத்துக்கொண்டிருக்கும் வரை யாரும் அந்த நோயால் சாகப்போவதில்லை. ஒரே பிரதியால் வரும் நோய்களில் வேகம் கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். எனவே நோயின் மரபுமுறையை முதலில் கேட்டறிந்து பிறகு கணக்குப் போடுங்கள்.

கூற்று ஒன்று அளவீட்டிலிருந்து நழுவி, யார் பிள்ளை பெறலாம், யார் பெறக் கூடாது என்ற பேச்சுக்குத் தாவினால் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ஆங்கிலேய அறிஞர் கால்ட்டன் 1883இல் பெயர் சூட்டிய இனமேம்பாட்டுக் கொள்கை (யூஜெனிக்ஸ்) அப்படித் தாவித்தான், 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை ஏற்கும் அளவுக்குப் போனது. 1933இன் ஜெர்மன் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் கீழ் சுமார் நான்கு லட்சம் பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. மேலே போட்டது போன்ற கணக்கை அக்காலத்திலேயே மரபியலாளர்கள் அறிந்திருந்தார்கள்.

கடைசியாக, சோதித்து முடித்த கூற்றை நீங்களே ஒரு வாக்கியமாகத் திருப்பி எழுதுங்கள். எந்த இயல்பு, எந்த மக்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, மரபின் பங்கு எவ்வளவு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ஐஸ்லாந்தில் 2017இல் வெளியான ஆய்வைப் பற்றி "மனிதர் மந்தமாகி வருகிறார்கள்" என்று தலைப்பிட்டார்கள். அதைத் திருப்பி எழுதினால் இப்படி வரும்: 1910 முதல் 1990 வரை பிறந்த ஐஸ்லாந்தியர் 1,29,808 பேரிடம், நீண்ட காலம் படிப்பதோடு தொடர்புள்ள மரபணு வடிவங்களின் கூட்டு மதிப்பு பத்தாண்டுக்கு ஒரு திட்ட விலக்கத்தில் (ஆளுக்கு ஆள் மதிப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் அளவு) நூறில் ஒரு பங்கு குறைந்தது; அத்தகைய வடிவங்கள் உள்ளவர்கள் பிள்ளை பெறத் தாமதித்ததும் குறைவாகப் பெற்றதும் அதற்குக் காரணம். இது மெய்யான மரபணு அளவீடு, ஆகவே பரிணாமம் என்ற சொல்லுக்குத் தகுதியானது. அதே எண்பது ஆண்டுகளில் ஐஸ்லாந்தியர் பள்ளியில் கழிக்கும் ஆண்டுகள் குறையவில்லை, பெரிதும் கூடின.